இசை ஞானமும் கேட்போர் உரிமையும்

இராகத்தின் பெயர் சொல்லத் தெரியாதவருக்குக் கச்சேரியைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை உண்டா? கர்நாடக இசை பற்றிய உரையாடல்களில் இக்கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்படுவது குறைவு. 'பாமர ரசனை', 'ஜனரஞ்சகம்' என்னும் சொற்களே அதற்கு விடையிறுத்துவிடுகின்றன. அச்சொற்களின் பின்னாலுள்ள சமூக வரலாறு நோக்கற்பாலது.

சபாக் கச்சேரி அநாதியானதன்று. அரசவையினதும் கோயிலினதும் ஆதரவு தளர்ந்த காலத்தில், காலனித்துவ நகரத்தின் கற்ற மத்தியதர வர்க்கம் இசையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் நடைபெற்ற இசை மாநாட்டின் பேறாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. இராக இலக்கணம் பற்றி அங்கு நிகழ்ந்த நிபுணர் விவாதங்களால் இசையியல் பெற்ற பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அதே அறிவு ஒரு வகுப்பாரின் தகுதிச் சின்னமாகவும் மாறிற்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக் கோரிக்கை எழுந்தபோது, தரம் தாழும் என்பதே அகாதெமி தரப்பினரின் முக்கிய மறுப்பாயிருந்தது. பொருள் விளங்கிக் கேட்க விரும்பியவரின் நியாயமான வேட்கை, தரத்துக்கு நேர்ந்த ஆபத்தாகத் தோன்றியமை தற்செயலானதன்று.

மார்க்சியச் சார்புடைய சிந்தனையாளரும் இப்படிநிலைச் சிந்தனைக்கு விலக்கானவரல்லர். 1962இல் வெளிவந்த தமது இசைச் சமூகவியல் நூலிலே, அடோர்னோ கேட்போரை வகைப்படுத்தி நிபுணரை முதலிடத்தில் வைத்தார். எனினும், அவ்வகையினர் பெரும்பாலும் தொழில்முறை இசைஞரே என்பதையும், நிலவும் சமூக நிலைமைகளில் எல்லோரையும் நிபுணராக்க முனைவது மனிதத் தன்மையற்ற கற்பனாவாதமாகும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அவரை மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளை எடுத்துக்கொள்வோம். திருவிழா இரவுகளில் நாதஸ்வர தவில் சமாவைச் சூழ்ந்து நிற்கும் விவசாயியும் சுருட்டுத் தொழிலாளியும் தாளக் கணக்கைச் சொற்களில் விளக்கமாட்டார்கள். ஆனால், அளவெட்டி தட்சணாமூர்த்தி போன்ற ஒருவர் கோர்வையை முடித்து வந்து விழும் இடத்துக்காக அவர்களின் தலைகள் முன்னரே காத்திருக்கும். பல்லாண்டுக் கேள்வியாற் பெற்ற இவ்வறிவுக்குச் சபையிலே பெயரில்லை. ஆதலால் அது அறிவாகக் கொள்ளப்படுவதுமில்லை.

கோயில் வீதியை நாம் இலட்சியமயமாக்க வேண்டியதில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது. அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டோர் அவ்விசையை எத்தொலைவில் நின்று கேட்டனர் என்பதும் நமது இசை வரலாற்றின் ஒரு பகுதியே. மியூசிக் அகாதெமி வரலாற்றிலே அதற்கு இடமில்லாதது வியப்பன்று. முற்போக்காளரின் எழுத்துகளிலும் அது அரிதாகவே இடம்பெறுகின்றது.

அதற்குக் காரணமுண்டு. நம்மவருட் சிலர் சாஸ்திரிய இசையை நிலப்பிரபுத்துவ எச்சமென ஒரே வரியில் ஒதுக்குவர். அவ்விசை நிபுணரின் தனியுடைமை என்னும் சபாப் பண்டிதரின் கொள்கையை அவர்கள் மறுவாசலால் ஏற்றுக்கொள்கின்றனர்; வீதியில் நின்ற சுருட்டுத் தொழிலாளி இரு சாராரின் கணக்கிலும் இல்லை. அவர் செவி ஏற்கெனவே அறிந்ததை அவர் மொழியிலேயே விளக்கும் விமர்சனம் தமிழில் மிகக் குறைவு. பரீட்சைக்கென மனனஞ் செய்யப்படும் இராக லட்சணங்கள் அவ்விடத்தை நிரப்பமாட்டா.