ஆறு கோர் போதும், ஆனால் எந்த ஆறு?

மானிட்டர் தவிர்த்து, ஐம்பது அறுபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்ய வேண்டும். அதில் ப்ராசஸருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். மிச்சத்தில்தான் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம். இந்தக் கணக்குக்குள் நின்று பார்த்தால் தேறுபவை சில ப்ராசஸர்கள்தான்: இன்டெல்லில் கோர் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், ஏஎம்டியில் ரைசன் 5 5500, 5600ஜி, 5600, கையைக் கொஞ்சம் நீட்டினால் 7500எஃப். எது நல்லது என்று கேட்டால், 'எல்லாமே நல்லதுதான், தேவையைப் பொறுத்தது' என்று சொல்லி நழுவுகிறார்கள். பகுதி நேர வேலை பார்த்து, மாதாமாதம் எடுத்து வைத்து, ஒரே ஒரு முறை வாங்கப் போகிறவருக்கு அது பதில் ஆகாது. ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை ஏன் தள்ளுகிறோம் என்று காரணம் சொல்லியாக வேண்டும்.

முதலில் அளவுகோல். திரையில் ஒரு ஃபிரேம் தோன்றும் முன் ப்ராசஸர் அதற்கான வேலையை முடித்தாக வேண்டும். எதிராளி எங்கே நகர்ந்தான், சுட்ட குண்டு எதில் பட்டது, சர்வரிலிருந்து என்ன தகவல் வந்தது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்கிட்டுக் கார்டுக்குக் கட்டளை அனுப்புவது அதன் பொறுப்பு. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட், 144 எஃப்பிஎஸ் என்றால் 6.9 தான். இந்தக் கெடுவுக்குள் ப்ராசஸர் வேலையை முடித்துவிட்டால் போதும்; அதற்குமேல் எவ்வளவு வேகம் இருந்தாலும் கார்டுக்காகக் காத்துக் கிடக்கும். முடிக்கத் தவறினால் கார்டு சும்மா நிற்கும், படம் திக்கும்.

அதனால் சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் வைத்து ப்ராசஸரை எடை போடுவது பிழை. சராசரியில் 90 காட்டும் கணினி, கூட்டமான தெருவுக்குள் வண்டி ஓட்டும்போது ஒரு கணம் 35-க்குச் சரியலாம்; ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சரிவுதான். ஆக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண்ணையே, சோதனை அட்டவணைகளில் '1% லோ' என்று போடுவதையே, நான் நம்புகிறேன். பட்ஜெட் ப்ராசஸர்களுக்கு இடையே உண்மையான வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

இந்த அளவுகோலுக்கு வருமுன்பே கழிபவை பழைய ஐ7 கணினிகள். '16 ஜிபி, கோர் ஐ7, கேமிங் பிசி' என்று மலிவாக விற்கப்படும் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது 2012-இல் வந்த ஐ7-3770, கூடவே எச்61 போர்டு, டிடிஆர்3 ரேம். 'ஐ7' என்ற பெயர் வரிசையைச் சொல்கிறதே தவிர வயதைச் சொல்வதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகின்றன. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்டாலும், அதில் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கேட்கும். இப்படிப்பட்ட பெட்டிகளை மாணவர்களிடம் கேமிங் என்று சொல்லி விற்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

அடுத்து ஐ3-12100எஃப். இதைத் தள்ளுவது எனக்கு எளிதாக இல்லை. 2022 ஜனவரியில் வந்தபோது அறிவித்த விலை 97 டாலர். நாலு கோர், எட்டு த்ரெட், 4.3 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோரின் தனி வேகத்தில் ஐ5-12400எஃப்-க்கு ஏறக்குறைய நிகர். ஜிடிஏ 5, வாலரண்ட் போன்றவை இதில் தாராளமாக ஓடும். பிரச்சினை எண்ணிக்கையில். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் எட்டு ஜென் 2 கோர்களுடன் வந்தன. பெரிய ஸ்டுடியோக்கள் அந்த எட்டுக் கோர்களை மனத்தில் வைத்தே தங்கள் எஞ்சின்களை எழுதுகின்றன. சைபர்பங்க் 2077 இதற்கு நல்ல சான்று. 2023-இல் 2.0 பதிப்பை ஒட்டி அதை உருவாக்கிய நிறுவனம் கணினித் தேவைப் பட்டியலைத் திருத்தியபோது, குறைந்தபட்சம் ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600 என்றது. பரிந்துரை ஐ7-12700 அல்லது ரைசன் 7 7800எக்ஸ்3டி. ஐ7-6700-ம் நாலு கோர்தான் என்பதால் வாசலைத் தாண்ட ஐ3 போதும். ஆனால் ஆட்டத்தோடு டிஸ்கார்டும் பிரவுசரும் பின்னால் ஓடும் ஒரு சாதாரண மாலையில், நாலு கோர்களும் நிரம்பி வழியும். 1% லோ சரியும். நாலு வருடம் வைத்திருக்கப்போகும் கணினிக்கு இது முடிவான காரணம். சைபர்பங்க் மாதிரி கனமான ஆட்டங்கள் பக்கமே போகமாட்டேன், மிச்சமாகும் பணத்தில் ஒரு படி மேலான கார்டு நிச்சயமாகக் கிடைக்கிறது என்பவருக்கு மட்டும் ஐ3 சரி.

ரைசன் 5 5500-ஐயும் 5600ஜி-யையும் சேர்த்தே பேச வேண்டும், இரண்டும் ஒரே வடிவமைப்பு என்பதால். 5600-ஐப் போலவே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பெயரைப் பார்த்தால் 5600-க்கு அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. இவற்றில் 16 எம்பி. ஆட்டங்களுக்கு இந்த வெட்டு வலிக்கும், ஏனென்றால் கேஷில் கிடைக்காத தரவை ரேமிலிருந்து எடுத்துவரப் பல மடங்கு நேரம் ஆகிறது. இன்னொரு வெட்டு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை: கார்டை ப்ராசஸரோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் இவை 3.0-வோடு நின்றுவிடுகின்றன. மலிவான கார்டுகள்தான் குறைந்த லேன்களோடு வருகின்றன. ஆர்எக்ஸ் 6600-க்கும் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் எட்டு லேன், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் நாலு. பிசிஐஇ 3.0-இல் அந்த லேன்களின் வேகமும் 4.0-இல் உள்ளதில் பாதியாகிறது. 6500 எக்ஸ்டி-யின் 4 ஜிபி மெமரி நிரம்பி, தரவு ரேமுக்குப் போய் வரத் தொடங்கும்போது அடி பலமாக விழும்.

இருந்தும் 5600ஜி-க்கு ஒரு நியாயம் உண்டு. அதற்குள்ளேயே வேகா 7 கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டுக்கு இப்போது காசே இல்லை, படிப்புக்குக் கணினி உடனே வேண்டும், வாலரண்ட் ஆடினால் போதும் என்ற வீட்டில் அது ஒரு நல்ல வழி. கார்டு வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டு மாதத்தில் கார்டு போட்டுவிடுவேன் என்பவர் வாங்கினால், அந்த இரண்டு மாதச் சௌகரியத்துக்காகப் பாதி கேஷை நாலு வருடத்துக்கு இழக்கிறார். பொறுத்திருந்து மொத்தமாக வாங்குவதே மேல்.

7500எஃப்-ஐக் கடைசியில் பார்ப்போம்; அதை விட்டால் இனி இரண்டு பேர்தான் மிச்சம். ரைசன் 5 5600, 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு வந்தது; ஐ5-12400எஃப் அதே ஆண்டு ஜனவரியில் 167 டாலருக்கு. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். 5600-க்கு எல்3 கேஷ் 32 எம்பி, 12400எஃப்-க்கு 18 எம்பி. இந்த இடத்தில் ஏஎம்டி ஜெயித்ததாகத் தோன்றும், அப்படி இல்லை. இன்டெல்லின் ஒவ்வொரு கோருக்கும் எல்2 கேஷ் 1.25 எம்பி, ஏஎம்டியில் அரை எம்பி. கோரும் ஒரே துடிப்பில் அதிக வேலை செய்யும் வகையில் அகலமானது. விளைவு, ஆட்டத்துக்கு ஆட்டம் முன்னும் பின்னும் போய், மொத்தத்தில் இரண்டும் சில சதவீத வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. ஆர்எக்ஸ் 6600 தரத்துக் கார்டோடு 1080பி-யில் ஆடும்போது அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

ஆகவே தீர்ப்பு போர்டில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி விலை கேட்பவர்கள் ப்ராசஸர் விலையைத் தனியாகக் கேட்காமல், போர்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இன்டெல்லின் ஆக மலிவான எச்610 போர்டிலேயே கார்டுக்குப் பிசிஐஇ 4.0 கிடைக்கிறது. ஏஎம்டியில் அதே வசதிக்குப் பி550 வரை ஏற வேண்டும். பி450 என்றால் 5600 போட்டாலும் பிசிஐஇ 3.0 தான். எச்610-க்கும் குறைகள் உண்டு: ரேம் வேகத்தை உயர்த்த முடியாது, எம்.2 எஸ்எஸ்டி மெதுவான லேனில் ஓடும். எஸ்எஸ்டி விஷயம் ஆட்டத்தில் பெரிதாகத் தெரியாது. 3200 வேக டிடிஆர்4 ரேம் 12400எஃப்-க்குப் போதும்.

5600-க்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது, பின்னாளில் அதே ஏஎம்4 சாக்கெட்டில் 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம் என்பது. ஒரு காலத்தில் அது மறுக்க முடியாத வாதம். இப்போது அந்த இரண்டும் புதிதாகக் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிடைக்கும் இடத்தில் பட்ஜெட்காரர் தொடும் விலையில் இல்லை. கிடைக்காத பொருளுக்கான வாக்குறுதியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டும் 14-ஆவது தலைமுறையோடு முடிந்த கதைதான். அதன் 13, 14-ஆவது தலைமுறைகளில் வோல்டேஜ் கோளாறு வெளிப்பட்டு, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்ததையும், வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்ததையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். 12-ஆவது தலைமுறையைச் சேர்ந்த 12400எஃப்-க்கு அந்தக் கோளாறு இல்லை.

புதிதாக எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு ஐ5-12400எஃப், ஒரு சுமாரான எச்610 அல்லது பி660 போர்டோடு. பழைய ரைசன் 5 2600-ஓ ரைசன் 3 3200ஜி-யோ பி450 போர்டில் ஏற்கெனவே வைத்திருப்பவருக்குத் தீர்ப்பு தலைகீழ்: பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 5600-ஐ மட்டும் வாங்கிப் போட்டால் முடிந்தது. வேறு எந்த வழியிலும் அந்தச் செலவில் அவ்வளவு வேகம் கிடைக்காது. கடையில் பி550 போர்டின் விலை எச்610-க்கு அருகில் இறங்கியிருந்தால் 5600-ஐ எடுப்பதிலும் தவறில்லை.

7500எஃப் இவை எல்லாவற்றையும் விட வேகமானது, மறுக்கவில்லை. அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கும் இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் எகிறிய பிறகு, அந்தக் கூடுதல் செலவு கார்டின் பங்கிலிருந்துதான் வரும். கார்டை ஒரு படி இறக்கி ப்ராசஸரை ஒரு படி ஏற்றுவது 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவருக்கு நஷ்டம்.

சிஎஸ்2, வாலரண்ட் மட்டுமே ஆடி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டிகளுக்குத் தயாராகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும். செட்டிங்ஸ் அனைத்தையும் குறைத்து ஆடும் அவருக்குக் கார்டு ஓய்வாக இருக்கும், சுமை முழுக்க ப்ராசஸர் தலையில். அவர் கார்டில் மிச்சம் பிடித்து 7500எஃப் எடுக்கலாம். அதேபோல, மலிவு என்று இன்டெல் ஆர்க் பி580 கார்டை நினைத்திருப்பவரும் யோசிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அதை ரைசன் 5 5600-ஓடு சோதித்த விமர்சகர்கள், வேகமான ப்ராசஸரோடு கிடைத்த எஃப்பிஎஸ் இதில் கணிசமாகக் குறைவதைக் கண்டார்கள். அந்தக் கார்டின் டிரைவர் ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. இந்த விலையில் உள்ள ப்ராசஸர்களுக்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவையே பொருத்தமான ஜோடி.

இப்போது கையில் இருக்கும் கணினிக்கே ப்ராசஸர் மாற்ற வேண்டுமா என்று தெரிய எளிய வழி உண்டு. வழக்கமாகத் திக்கும் இடத்தில் நின்று, ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் கிடுகிடுவென ஏறினால் தடை கார்டு. அப்படியே நின்றால் தடை ப்ராசஸர், அல்லது ரேம். ரேம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடைகளில் 16 ஜிபி கேட்டால் ஒரே ஸ்டிக்காகக் கொடுத்துவிடுவது சகஜம். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல். பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ப்ராசஸரின் வேகத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். எச்610 போர்டில் ரேமுக்கு இருப்பதே பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்தான், அதனால் முதல் நாளே இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காகக் கேட்டு வாங்க வேண்டும்.