கூடு மாறினும் பாடம் மாறலாகாது

கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலரைத் தமிழுலகம் நன்கறியும். இன்று கணினி விளையாட்டுகளும் அவ்வாறே பாய்கின்றன. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட 'பேக்-மேன்', காசு போட்டு ஆடும் தனிப்பெட்டிக்கென்றே இயற்றப்பட்டது. அப்பெட்டியின் சில்லைப்போல் நடிக்கும் 'போன்மி' என்னும் நிரலின் துணையால் இன்று வீட்டுக் கணினியிலும் அது ஓடுகிறது. 1997இல் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் வெளியிட்ட 'மேம்' அவ்வகையில் புகழ்பெற்றது.

இப்பணியை மதிப்பிடும் அளவுகோல் யாது? பேக்-மேனின் 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி எழுத்துங் குறியுமாய்ச் சிதையும். கட்டத்தை எண்ணும் இடத்தில் 255க்கு மேல் அடங்காமையே காரணம். நல்ல போன்மி அப்பிழையையும் திருத்தாமல் அப்படியே காட்டும். ஏட்டுப் பாடத்தைத் தம் விருப்பப்படி மாற்றாத பதிப்பாசிரியரின் நேர்மை அது. பழைய கைப்பிடியும் படக்குழாயின் ஒளியும் இதில் வாரா என்பது உண்மையே. ஓலையின் மணம் அச்சு நூலில் வருவதுண்டோ?

ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே பாயான் லெப்பாசில் 1972இல் இன்டெல் ஆலை தொடங்கியது முதல், பினாங்கு சில்லுகளை நன்கறிந்த ஊர். சில்லும் ஓலைபோல் அழியும் பொருளே. யூனிக்கோடுக்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ்க் கட்டுரைகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்று வெறுங் குறிகளாய் நிற்கின்றன. விளையாட்டைக் காத்த அக்கறையில் ஒரு பங்கேனும் அவற்றுக்கு வேண்டாவோ?