கபாலியின் கோட்டு: ஆடையும் பெயரும்

பா. ரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ (2016) திரைப்படத்தில் ரஜினிகாந்த் அணியும் கோட்டினை வெறும் அலங்காரமாகக் காண்பது போதாது. காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேற்சட்டையைத் துறந்தார். அம்பேத்கரோ பொதுவாழ்வில் பெரிதும் கோட்டணிந்தே தோன்றினார். இவ்விரண்டையும் ஒப்பிடும் உரையாடல் இப்படத்தில் உண்டு. துறப்பதற்கு முன்னரே உடைமை இருத்தல் வேண்டும். மறுக்கப்பட்டவனுக்கோ அணிவதே எதிர்ப்பு. தோட்டப் பாட்டாளி மரபினன் கோட்டணிவதன் பொருள் இதுவே என்பது நம் கருத்து.

இதனைப் பாசிர் கூடாங்கில் வைத்து நோக்குவோம். 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிய இத்தொழில் நகரில், ஆலைத் தொழிலாளியின் சீருடையில் நிறுவனத்தின் பெயர். விடுமுறை நாளில் அவர் மகன் அணியும் டி-சட்டையிலோ விலையுயர்ந்த வணிகச் சின்னம். முன்னது கூலிக்காக அணிவது; பின்னது கூலியைக் கொடுத்து அணிவது. இரண்டிலும் இருப்பது பிறர் பெயரே. கபாலியின் கோட்டில் அத்தகைய பெயர் இல்லை.

எனினும், படம் வெளிவந்தபோது ஏர் ஏசியா விமானமொன்றில் கபாலியின் உருவம் தீட்டப்பட்டது. எதிர்ப்பின் ஆடை விளம்பரமாயிற்று. படத்தினுள்ளும் ஒரு குறை உண்டு. கோட்டின் மாண்பு நாயகனுக்கே உரியதாகிறது. அவன் நடத்தும் மறுவாழ்வுப் பள்ளி இளைஞரின் தெரு ஆடைக்கு அத்தகைய பொருளைப் படம் தேடவில்லை.

அவ்விளைஞரை ஒத்தோர் நம் வகுப்பறைகளிலும் உள்ளனர். உடையைக் கண்டு ‘குண்டர்’ என முடிவு கட்டுமுன், அது யாது கூறுகிறது என ஆசிரியர் வினவுதல் வேண்டும். இலக்கியத்தில் ஆடையின் குறிப்புப் பொருளைக் கற்பிக்கும் நாம், மாணவனிடத்தில் அதனைப் படிக்கத் தவறலாகாது.