ஜெயித்த சீசனும் பாடு இல்லாத மனிதர்களும்

விளையாட்டு வரலாறு என்று எழுதப்படுபவை பெரும்பாலும் பட்டியல்கள்தான். எந்தத் தேதியில் யாரோடு மோதினார்கள், எத்தனை புள்ளி, யார் கேப்டன். 1912-ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசனின் ஒரு பட்டியலைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்றால் சிரிப்பு வரலாம். கால்பந்து என்று பேரே தவிர, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பதும்தான் அங்கே ஆட்டம். நம் குப்பத்துப் பையன் பார்த்தால் 'சடுகுடுவுல பந்தைக் கொண்டாந்து வுட்ட மாதிரி இருக்குதே' என்பான். இருந்தாலும் வாசிப்போம்.

அந்தப் பட்டியல் கார்லைல் பள்ளியினுடையது. 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினாலும் கார்லைல் கல்லூரியே அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் 'நாகரிகப்படுத்த', ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-இல் பென்சில்வேனியாவில் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய உறைவிடப் பள்ளி. அங்கே போனதும் முடியை வெட்டினார்கள், பேரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் அந்த வளாகத்திலேயே இருக்கின்றன.

அந்தப் பள்ளியின் அணி 1911-இல் ஹார்வர்டை 18-15 என்று வென்றது. 1912 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று சாய்த்தது. பூர்வகுடி மக்களை அமெரிக்க ராணுவம் வூண்டட் நீயில் சுட்டுக் கொன்று 22 வருஷம்தான் ஆகியிருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அன்று ராணுவ அணியில் ஆடினார். கார்லைலுக்காக ஆடியவர் ஜிம் தோர்ப். அதே வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர்.

இதை 'எதிர்ப்பு' என்று வாசிப்பது சுலபம். ஆண்டவனின் ஆட்டத்தில் ஆண்டவனையே தோற்கடித்தார்கள் என்று நாமும் கைதட்டலாம். 1911-இல் கல்கத்தாவில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் வென்றதை நம் தேசியச் சொல்லாடல் இப்படித்தான் வாசித்தது. அந்த ஆனந்தம் பொய்யில்லை. ஆனால் ஜெயிச்சு என்ன கெடச்சுது என்ற கேள்வியைப் பட்டியல் கேட்காது. தோர்ப்பின் பதக்கங்கள் 1913-இல் பறிக்கப்பட்டன. அவர் 1953-இல் செத்து வெகுகாலம் கழித்து, 2022-இல்தான் அவர் மட்டுமே வெற்றியாளர் என்று மீண்டும் பதிவானது. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை 1924-இல்தான். கால்பந்தில் வந்த பணம் எங்கே போகிறது என்று கார்லைல் மாணவர்களே மனுப் போட, 1914-இல் நாடாளுமன்ற விசாரணை வந்தது. 1918-இல் பள்ளி மூடப்பட்டது. நிலம் திரும்பி வரவில்லை. மைதானத்துக்குள் அனுமதிக்கப்பட்ட உடலுக்கு மைதானத்துக்கு வெளியே உரிமை இல்லை.

இந்தக் கால்பந்து சென்னைக்கு வரவில்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பிகள் வந்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில் 1890-இல் கால்பந்து அணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், அடுத்த வருஷம் முரட்டுத்தனத்தை நீக்கிக் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே படித்த வில்லியம் மார்கன் 1895-இல் வாலிபாலை. அதே ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுதான். பிராட்டின் பள்ளியும் பக்கின் கல்லூரியும் ஒன்றல்ல. ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது, மற்றது விரும்பி வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் விசிலும் வரிசையும் கால அட்டவணையும் கொண்டு செய்யப்படுவதே 'உடற்பயிற்சி' என்ற கருத்து இரண்டுக்கும் பொது. விடிகாலையில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிற உடல் இந்தக் கணக்கில் பயிற்சி பெற்ற உடல் இல்லை. அது வெறும் 'உழைப்பு'. அதே ஆள் சாயங்காலம் மணலில் வலை கட்டி வாலிபால் ஆடினால் 'திறமை'.

பழவேற்காட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. அதன் பேர் பாடு. இறால் படும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்துப் பட்டினவர்கள் காத்து வந்த முறை. நல்ல இடம் ஒருத்தனுக்கே போகாது. போட்டியை அடக்கிய இந்தப் பொதுச்சொத்து அறத்தைக் காட்டி நம்மில் பலர் உருகியிருக்கிறோம். பாடு என்றால் மீன் வரத்து, முறை. படுகிற கஷ்டமும் பாடுதான். ஆனால் இந்தப் பட்டியலுக்கும் வெளியே ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களுக்குப் பாடு இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பாடு இல்லை. மற்றவர்கள் பங்கு கேட்டபோதெல்லாம் தகராறுதான்.

ஏரியின் அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவிலிருந்து ஏனாதிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1971-இல் முதல் ராக்கெட் போனது. இன்றும் ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக்கூடாது. எத்தனை ஏவினோம், எத்தனை வெற்றி என்ற பட்டியல் தேசத்துக்கே மனப்பாடம். காலி செய்தவர்களின் பட்டியல் யாருக்கு மனப்பாடம்?

ஆகவே, தோழர்கள் குப்பங்களில் விளையாட்டுப் போட்டி நடத்தி, கோப்பை கொடுத்து, 'மீனவ இளைஞர் திறமை' என்று துண்டறிக்கை போடும்போது ஒன்றைச் செய்யலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆடுகிற சந்தோஷத்தை யாரும் நமக்கு இரவல் தரவில்லை. ஆனால் வென்ற அணியின் பேரை எழுதுகிற அதே தாளில், அந்த ஊரில் யாருக்குப் பாடு உண்டு, யாருக்கு இல்லை, யார் எந்த மண்ணிலிருந்து எழுப்பப்பட்டு வந்தவர்கள் என்பதையும் எழுதுங்கள். கார்லைலின் 1912-ஐப் புகழ்ந்தவர்கள் அப்படி ஒரு தாளை எழுதாததால்தான், மாணவர்கள் தாங்களே மனுப் போட வேண்டியிருந்தது.