பின்னால் வரும் எழுநூறு கிலோ

அமெரிக்காவில் விடுமுறைக்கு முகாம் போகிறவர்கள் காருக்குப் பின்னால் மாட்டிச் செல்லும் ஒற்றை அச்சு டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. சட்டம் கேட்பதில்லை என்பதுதான் காரணம். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால்தான், அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேல்தான், டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவோ முகாம் டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டிலேயே கோடு கிழித்துவிடுகிறது. ஒரே நாட்டுக்குள் எல்லை பாதியாகச் சுருங்குகிறது என்றால், அந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. கட்டாயம் இல்லாத மின் பிரேக்கைக் கைக்காசு போட்டுப் பொருத்துவது தேவைதானா என்பதை நாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

1,500 கிலோ கார் ஒன்று 700 கிலோ டிரெய்லரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் தனியாக இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 49 மீட்டரில் நிற்கும். டயரின் பிடிமானத்தை 0.8 என்று கொண்டு போட்ட கணக்கு இது. பிரேக் இல்லாத டிரெய்லரும் சேர்ந்தால் 72 மீட்டர் ஆகிறது. காரின் பிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலையைப் பற்றி நிறுத்துபவை அதன் நான்கு டயர்கள் மட்டுமே, நிற்க வேண்டியதோ 2,200 கிலோ. கூடுதல் 23 மீட்டர் தாளில் சிறிதாகத் தெரியலாம். ஆனால் கார் தனியாக வந்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ, அதே இடத்தை இந்த ஜோடி 56 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அந்த 56 என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே கணக்கை 2,500 கிலோ பிக்கப்புக்கும் 400 கிலோ டிரெய்லருக்கும் போட்டால் 57 மீட்டர் வருகிறது. எட்டு மீட்டர்தான் அதிகம். முன்னே போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டி அதைச் சமாளிக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது டிரெய்லரின் எடையை மட்டும் அல்ல, இழுக்கும் வண்டிக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை. வணிக வண்டிகளுக்கான அமெரிக்க மத்திய விதி இதை உணர்ந்திருக்கிறது. 3,000 பவுண்டுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு அது விலக்கு அளித்தாலும், டிரெய்லரின் அச்சு எடை இழுக்கும் வண்டியின் அச்சு எடையில் 40 விழுக்காட்டைத் தாண்டினால் பிரேக் வேண்டும் என்கிறது. குடும்பக் கார்களுக்கும் இந்தத் தர்க்கம்தான் பொருந்தும்.

தூரம் ஒரு பக்கம். இறக்கத்தில் பாரவண்டி மாட்டின் கழுத்தை நெட்டித் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். கார் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்குப் போய், பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டினால், வளைவில் காரின் பின்பக்கம் விலகி, இரண்டும் கத்தரிக்கோல் போல மடங்கிக்கொள்ளும். மின் பிரேக்கின் தனிச்சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கினால், காருக்குள் பொருத்திய பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியைத் தள்ளி டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுக்கலாம். பின்னால் இழுபட்டு அது நேராகிவிடும். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்த அழுத்தத்தாலேயே இயங்கும் சர்ஜ் பிரேக்கால் இதைச் செய்ய முடியாது. என் பார்வையில் எடைத்தட்டைச் சாய்ப்பது இந்த ஒன்றுதான்.

இனி எதிர்த்தரப்பு. மின் பிரேக்கில், டிரம்முக்குள் இருக்கும் காந்தம் மின்சாரம் பாய்ந்ததும் சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டி இழுபடுகிறது. அதனோடு இணைந்த நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் போதும், மீதி வேலையைச் சக்கரத்தின் சுழற்சியே செய்துவிடும். இவ்வளவு அழகான ஏற்பாடு, எர்த் வயர் ஒன்று துருப்பிடித்தால் செத்துப்போகும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் டிரெய்லரில் அது நடக்கவே செய்யும். பிரேக் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நெருக்கமாக ஓட்டுகிறவருக்கு, செத்த பிரேக் இல்லாத பிரேக்கைவிட ஆபத்தானது.

இன்னொரு குறை, சிறிய டிரெய்லருக்கென்றே உரியது. 3,500 பவுண்டு அச்சுக்கான 10 அங்குல பிரேக், காலி டிரெய்லரின் சக்கரத்தை எளிதில் பூட்டிவிடும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை, வால் வீசும். மலிவான கன்ட்ரோலர்கள் நீங்கள் எவ்வளவு அழுத்திப் பிரேக் பிடித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. பிரேக் விளக்கு எரிந்ததும் நேரக்கணக்கில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கார் உண்மையில் எவ்வளவு வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதே விகிதத்தில் பிடிக்கும் வகைக்கு விலை கூடுதல். அதற்குக் காசில்லை என்றால் இந்த வேலையையே தொடங்கக் கூடாது என்பேன்.

பொருத்துவதில் பாதி வேலையை அச்சுதான் தீர்மானிக்கிறது. பிரேக் தட்டை முடுக்கும் ஃபிளாஞ்ச் ஏற்கெனவே இருந்தால் தட்டைச் சக்கரத்துக்கு நான்கு போல்ட்டில் மாட்டிவிடலாம்; இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு, மாற்றிப் போடக் கூடாது. ஃபிளாஞ்ச் இல்லையென்றால், பழைய அச்சில் வெல்டிங் வைப்பதைவிட ஃபிளாஞ்ச் உள்ள புது அச்சே வாங்கிவிடலாம். ஒட்டு ஒரு நூல் கோணினாலும் ஷூ ஒருபக்கமாகத் தேயும். விளக்குக்கு மட்டுமான நான்கு முனை பிளக்கில் பிரேக்குக்கு வயர் இல்லை, ஏழு முனைக்கு மாற வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் தனி பேட்டரியும் இழுமுள் சுவிட்சும் சிறிய டிரெய்லரிலும் இருந்தாக வேண்டும்.

உப்புத் தண்ணீருக்குள் இறங்கும் படகு டிரெய்லருக்கு மின் பிரேக் வேண்டாம். ஹைட்ராலிக் சர்ஜ் பிரேக்கே பொருத்தம். கனமான பிக்கப்பும் இலேசான பெட்டி டிரெய்லரும் என்றால் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடலாம். மற்றபடி, ஏற்றிய டிரெய்லர் காரின் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால், சட்டம் என்ன சொன்னாலும் மின் பிரேக் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஆளில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியைத் தள்ளி, டிரெய்லர் பின்னுக்கு இழுக்கிறதா, சக்கரம் பூட்டுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.