வளர்ற பையன் சைஸ்

ஒரு காலத்தில் தீபாவளிக்குச் சட்டை தைக்கப் போனால், அளவெடுக்கிற டெய்லரிடம் அப்பாக்கள் தவறாமல் ஒரு வசனம் சொல்வார்கள்: 'வளர்ற பையன், கொஞ்சம் தாராளமா வைங்க.' டெய்லரும் வைப்பார். தோள்பட்டைத் தையல் புஜத்தில் இறங்கி நிற்கும். அரைக்கை முக்கால் கையாகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் பையனுக்கு மானம் போகும். அதே தோள், அதே கை, இன்றைக்கு 'டிராப் ஷோல்டர், ஓவர்சைஸ்டு ஃபிட்' என்ற பெயரில் 999 ரூபாய். வளர்ந்து முடிந்தவர்களும் ஆசையாக வாங்குகிறார்கள். பாவம் அந்த அப்பாக்கள், கொஞ்சம் முன்னாடியே பிறந்துவிட்டார்கள்.

நிறங்களும் புதுசில்லை. பீஜ், ஆலிவ், டெரகோட்டா, மோக்கா என்று லேபிளில் போடுகிறார்களே, நம் ஜவுளிக்கடைக்காரர்கள் அவற்றை பிஸ்கட் கலர், மிலிட்டரி பச்சை, செங்கல் கலர், காப்பிப்பொடி கலர் என்று சொல்லி விற்றார்கள். இந்தக் குடும்பத்துக்கே தாத்தா காக்கி. 'காக்' என்றால் பாரசீகத்தில், உருதுவில் புழுதி. 1846ல் பெஷாவரில் ஆங்கிலேயர்கள் திரட்டிய கைட்ஸ் படை போட்டு ஆரம்பித்த நிறம், அப்புறம் நம் போலீஸ், பஸ் டிரைவர், ஆட்டோ டிரைவர் வரைக்கும் வந்து சேர்ந்தது. அவர்களை யாரும் ஃபேஷன் என்று சொன்னதில்லை. இன்ஸ்டாகிராமில் இல்லை, அதுதான் காரணம்.

கிண்டல் போதும். முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம்.

இதற்கு முந்தைய ஃபேஷன் ஸ்கின்னி ஜீன்ஸ். கத்திரி வெயிலில், கடற்கரை ஊரில், காலோடு சேர்த்துத் தைத்த மாதிரி டெனிம். தொடையிடுக்கில் படர்தாமரை என்று வருகிறவர்களிடம் தோல் டாக்டர்கள் மருந்துச் சீட்டோடு 'இறுக்கமான ஜீன்ஸை விட்டுடுங்க' என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த இடத்தில் தொளதொள பேன்ட்டும் தொளதொள டிஷர்ட்டும் வந்தது நிச்சயமாக முன்னேற்றம். இன்னொன்றும் இருக்கிறது. தொப்பை இருக்கிற பையன், 'ஒல்லிக்குச்சி' என்று கேலிக்கு ஆளான பையன், பஸ்ஸில் நாலு பேர் பார்வையிலிருந்து தப்பிக்க நினைக்கிற பெண், எல்லாருக்கும் இந்த உடை ஒரே மாதிரி இடம் கொடுக்கிறது. உடம்பை அளந்து மார்க் போடாத உடுப்பு. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

நிறத்தின் மேலும் எனக்குப் புகார் இல்லை. சுட்டெரிக்கும் பாலைவனத்தில் பெடூயின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று சில விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, 1980ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூட்டை உறிஞ்சுகிறது, உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால் நடுவில் ஓடும் காற்று அந்தக் கூடுதல் சூட்டைத் தோலுக்கு வரவிடாமல் கொண்டுபோய்விடுகிறது. கறுப்பு, வெள்ளை இரண்டிலும் உடம்புக்கு வந்து சேர்ந்த சூடு ஒன்றுதான். கறுப்பே தப்பித்தது என்றால் பிஸ்கட் கலருக்கு என்ன பயம்?

அப்புறம் என்னதான் பிரச்னை? கனம்.

இந்த உடை பிறந்த இடத்தைப் பாருங்கள். 1980களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு பையன்கள்; நியூயார்க்கின் ஹிப் ஹாப் பாடகர்கள். மண் நிறமும் தொளதொளப்பும் சேர்ந்த இன்றைய தோற்றத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் கான்யே வெஸ்ட் அடிடாஸோடு சேர்ந்து 2015 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடத்திய 'யீஸி சீசன் 1' காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பிப்ரவரி நியூயார்க் என்றால் குளிர். கலிபோர்னியா என்றால் வறண்ட காற்று. அந்த இரண்டு ஊரிலும் கனமான துணி போடலாம். உடம்பில் ஒட்டாமல் பெட்டி மாதிரி விறைப்பாக நிற்க அந்தக் கனம் வேண்டும். வேர்வை காயாத சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அதை அப்படியே இறக்குமதி செய்வது வேறு கதை.

இங்கேதான் ஜிஎஸ்எம் என்ற மூன்றெழுத்து மந்திரம் வருகிறது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு, அவ்வளவுதான். ஆனால் விளம்பரத்தில் '240 ஜிஎஸ்எம் பிரீமியம்' என்று போடுகிறபோது, நகைக்கு 22 கேரட் சொல்கிற தோரணை. நான் படித்தது காமர்ஸ், அதனால் கணக்காகவே பார்க்கிறேன். ஒரு டிஷர்ட்டுக்கு ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஜிஎஸ்எம் துணியில் 225 கிராம். 240ல் 360 கிராம். நூலை கிலோ கணக்கில் வாங்குகிறவருக்குச் செலவு கூடுகிறது, விலையும் கூடுகிறது. இதுவரை நியாயம். ஆனால் அந்தக் கூடுதல் 135 கிராம் உங்களுக்கு என்ன செய்கிறது? மே மாத மத்தியானத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அதைச் சுமக்கிறீர்கள். கூலி கிடையாது, கொடுத்ததும் நீங்கள்தான்.

வேர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த ஊரில் ஆவியாவதே மந்தம். கனத்த பருத்தி என்ன செய்யும்? வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். துணியின் வெளிப்பக்கத்தில் ஆவியாகிற ஈரம் துணியைத்தான் குளிர்விக்கும், தோலுக்குப் பாதி பலன்கூட வருமா என்பது சந்தேகம். வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மண் நிறம்தான். ஆனால் தண்ணீரைக் குளிர வைப்பது நிறமில்லை, சுவரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தப் பானைக்குக் கம்பளி சுற்றினால் எப்படி இருக்கும், அதுதான் 240 ஜிஎஸ்எம். போதாததற்கு, ஆலிவும் பிஸ்கட்டும் நனைந்தால் அக்குளில் தனியாக ஒரு மேப் போட்டுக் காட்டும்.

விலை குறைந்த ரகத்தில் வேறு சிக்கல். 'காட்டன் ரிச்' என்று எழுதியிருக்கும். பருத்தி பணக்காரன் என்றால் கூட ஒரு பங்காளி இருக்கிறான் என்று அர்த்தம். அவன் பெயர் பாலியஸ்டர். துணி உடனே காய்ந்துவிடும், வாசனை மட்டும் போகாது.

ஆக, இது மாலிலும் ஐ.டி. ஆபீஸிலும் மெட்ரோ ரயிலிலும் நன்றாக இருக்கும் உடை. ஏசி இருக்கிறது. பெயரோ ஸ்ட்ரீட்வேர். தெருவில் மட்டும் போட முடியவில்லை!

மண் நிறம் என்றதும் இயற்கை, பசுமை என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை மண்ணிலிருந்தோ மரப்பட்டையிலிருந்தோ எடுத்த நிறமில்லை, ரசாயனச் சாயம். பருத்தியில் அது ஏறுவதற்கு உப்பு நிறைய வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் நொய்யலில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாய நிலத்தைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. மண் மாதிரி தெரிய மண்ணையே பலி கொடுத்தோம். ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன்: வெளிர் நிறத்துக்குச் சாயமும் உப்பும் அடர் கறுப்பைவிடக் குறைவாகவே பிடிக்கும். இன்னும் நல்லது, சாயமே போடாத காடாத்துணியின் பழுப்பு வெள்ளை. உண்மையான மண் நிறம் அதுதான்.

நம்மிடம் இல்லாத வித்தையா இது? தொளதொள ஜிப்பா, பக்கவாட்டில் வெட்டு, மெல்லிய பருத்தி. இன்றைய ஓவர்சைஸ் எல்லாவற்றுக்கும் மூத்தது. திருப்பூருக்கு உலகம் வைத்த பெயரே பனியன் ஊர். மெல்லிசாகப் பின்னி, காற்று போகவிட்டு, வேர்வையை வாங்குவது அதன் பிறவிக் கலை. அந்த ஊர் நமக்காகவே 140 ஜிஎஸ்எம்மில் தொளதொள டிஷர்ட் போடட்டும். விறைப்பாக நிற்காது, தொங்கும். தொங்கினால் என்ன? ஃபோட்டோவில் கொஞ்சம் சுமாராக இருக்கும். அதைப் போட்டிருக்கிறவர் சௌகரியமாக இருப்பார்.

அதுவரைக்கும் ஒரு சோதனை. கடையில் டிஷர்ட்டின் ஒரு மடிப்புக்குள் கையை விட்டு ட்யூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். விரல்கள் நிழலாகவாவது தெரிந்தால் வாங்குங்கள். ஒன்றுமே தெரியவில்லையென்றால் மடித்து வைத்துவிட்டு வாருங்கள். ஊட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.