கடைசிப் பெட்டியின் விளக்கு

பிரிட்டனின் நீராவிக் கால ரயிலை மேசைமேல் கட்டி ஓட்டுகிறவர்களிடம் எதற்காக இந்தப் பாடு என்று கேட்டால், முன்பெல்லாம் ஆசைக்குத்தான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்போது பதில் மாறிவிட்டது. வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களிடமும் இதே பேச்சைக் கேட்கிறேன். ஆசைக்கு என்றால் நான் எழுத ஒன்றுமில்லை. ஒருவருடைய ஆசையை இன்னொருவர் எடைபோட முடியாது. வரலாறு என்று வாயெடுத்துவிட்டால் அப்படி விட்டுவிட முடியாது. எதைக் காப்பாற்றினீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. பொங்கோலில் ஒரு வீவக வீட்டின் சின்ன அறையில், இரண்டு சுவர்களை ஒட்டிப் பலகை அடித்து, கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் கிளைப்பாதை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார் எனக்குத் தெரிந்த ஒருவர். நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளையும், அட்டைக் கட்டடம் உப்பும், தண்டவாளத்தின் தலையில் கறுப்புப் படலம் படியும். சில நாள் ஓட்டாமல் விட்டால் எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். அத்தனையையும் சமாளித்துப் பச்சை எஞ்சினும் சாக்லெட், கிரீம் நிறப் பெட்டிகளும் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்திருக்கிறார். ஓஓ எனப்படும் இந்த அளவில் எஞ்சின் அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் வரும்; தண்டவாளங்களின் இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஆனால் கடையில் கிடைப்பது 16.5. இதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழனுக்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக் கிராம ரயில் எதற்கு என்றும் கேட்கப்போவதில்லை. அது மலிவான கேள்வி. இங்கிலாந்தில் பலரும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பெண்டன் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ராய் இங்லண்ட் என்பவரே ஓர் ஆஸ்திரேலியர். 1925-இல் அங்கே போனவர், பழைய கூரை வேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு மனம் பொறாமல் அவற்றைச் சிற்றளவில் கட்டத் தொடங்கினார். உள்ளூர்க்காரர் கண்டுகொள்ளாததை வெளியூர்க்காரர் கண் பார்த்தது. யாரும் எந்த ஊரையும் கட்டலாம்.

என் மறுப்பு வேறு; நெடுநாளாக மனதில் இருப்பது. இவர்கள் எஞ்சினைக் காப்பாற்றுகிறார்கள். ரயில்வேயைக் காப்பாற்றவில்லை.

அந்தப் பொங்கோல் வீட்டு ரயிலைக் குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். எஞ்சினின் கொதிகலன்மேல் பித்தளை வளையம் மின்னுகிறது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. நிலக்கரி வைக்கும் இடத்தில் உண்மையான கரியைப் பொடித்து ஒட்டியிருக்கிறார். கண்ணைப் பின்னால் ஓட்டிக்கொண்டே கடைசிப் பெட்டிக்கு வந்தால், அதன் முதுகு மொட்டையாக இருக்கிறது. விளக்கு இல்லை.

இதில் என்ன பெரிதாகக் குறைந்துவிட்டது என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் ரயிலேறியவர்கள் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய எக்ஸ் குறியைப் பார்த்திருப்பார்கள். பிரிட்டனில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு தொங்கும். ரயில் தன்னைக் கடக்கும்போது சிக்னல்மேன் எஞ்சினைப் பார்ப்பதைவிட முக்கியமாக அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு தெரிந்தால் ரயில் முழுதாக வந்து சேர்ந்தது என்று பொருள். பின்னாலிருக்கும் சிக்னல் அறைக்கு மணியடித்து, பாதை காலி, இனி அடுத்ததற்கு வழி கேட்கலாம் என்று சொல்வார். தெரியாவிட்டால் நடுவழியில் ஒரு பெட்டி கழன்று நிற்கக்கூடும். அப்போது எந்த ரயிலும் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. பல நூறு பேரின் உயிர் இந்த ஒரு விளக்கில் இருந்தது. ஆணித்தலைக்குக் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்கு இதற்கு வேண்டியதில்லை. ஒரு துளி பிளாஸ்டிக், ஒரு சொட்டுச் சிவப்பு வண்ணம் போதும். அது அங்கே இல்லாததற்குக் காரணம் கஞ்சத்தனமோ சோம்பலோ அல்ல. ரயிலை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்ற நினைப்பே அந்தப் பலகையில் எங்கும் இல்லை.

ஒற்றைப் பாதைக்கு வாருங்கள். கிளைப்பாதை என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதே அங்கே எல்லாக் கவலைக்கும் தலையான கவலை. 1874-இல் நாரிச் நகருக்கு அருகே தோர்ப்பில், தந்தியில் நேர்ந்த ஒரு குழப்பத்தால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பிறகுதான் 1878-இல் எட்வர்ட் டையர் தன் கருவியைக் கொண்டுவந்தார். இரு நிலையங்களிலும் வில்லைகள் அடுக்கிய கருவிப் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு வில்லையை ஒரு முனையில் வெளியே எடுத்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை எந்த முனையிலும் இன்னொன்று வெளிவராது. வில்லை கையில் இருக்கும் டிரைவர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் போகலாம். பின்னால் வந்த சாவி டோக்கனும் இதே ஏற்பாடுதான். பிரிட்டன் உலகுக்குக் கொடுத்த ரயில் அறிவின் சாரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், பித்தளை வளையத்தைச் சொல்ல மாட்டேன். மாதிரி ரயிலில் இதற்கு ஒரு தடயமும் இல்லை. குமிழைத் திருப்பினால் ரயில் கிளம்புகிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இடம் போதாது என்பார்கள். போதாதுதான். ஓஓ அளவில் ஒரு மைல் 21 மீட்டர் நீளம் வரும். நம் வீவக அறையின் சுவர் மூன்று, மூன்றரை மீட்டர். நிஜத்தில் அது கால் கிலோமீட்டர், ஒரு நிலையத்துக்கே சரியாகப் போய்விடும். ஆகவே பயணம் என்பது பலகையில் இருக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க இவர்கள் கண்டுபிடித்த வழி வட்டம். ரயில் சுற்றிச் சுற்றி வருகிறது, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது, டிரைவர் கிடையாது, யாரும் கொடி காட்டுவதில்லை. வண்ணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஓடும் பொங்கோல் எல்ஆர்டியின் ஓட்டம்தான் அது. எல்ஆர்டியாவது ஆட்களை ஏற்றி இறக்குகிறது.

தூரத்தை நீளத்தால் காட்ட முடியாதபோது காத்திருப்பால் காட்டலாம் என்பதை இந்தப் பொழுதுபோக்கின் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். பீட்டர் டென்னி என்ற பாதிரியார் தன் பக்கிங்ஹாம் மாதிரிப் பாதையைக் கால அட்டவணை வைத்து, நிலையத்துக்கு நிலையம் மணிக்குறி கொடுத்து ஓட்டினார். நார்மன் ஈகிள்ஸின் ஷெர்வுட் பாதையில் ஓடியவை முறுக்குச் சாவி கொடுக்கும் எஞ்சின்கள். இன்று பெட்டியைப் பிரித்து எடுக்கும் சாதாரண எஞ்சினுக்குப் பக்கத்தில் அவை தோற்றத்தில் நிற்காது. ஆனால் அங்கே ஒருவர் மணியடிக்க, இன்னொருவர் பதில் மணியடிக்க, அதற்குப் பிறகே கைகாட்டி இறங்கியது. ரயில் வரும்வரை அடுத்த நிலையத்துக்காரர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் பத்து மைல் இருந்தது. தனியாக ஓட்டுகிறவரால் இதெல்லாம் முடியுமா என்ற சமாதானத்தையும் கேட்டிருக்கிறேன். ஒருவரே இரண்டு நிலையத்துக்கும் மணியடித்துக்கொள்ளலாம். கால அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். காசு செலவில்லை. மனமில்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பதிலாகக் காசு எங்கே போகிறது? எஞ்சினுக்குள் ஒலிச் சில்லு பொருத்துகிறார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை புகைமூச்சு விடும். அந்தக் கணக்குத் தப்பாமல் சில்லு ஒலிக்கிறது. பாரம் கூடினால் மூச்சு மாறும்படி அமைக்க முடியும் என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். நிஜ எஞ்சின் அப்படி மூச்சு வாங்கியதற்குக் காரணம் ஃபயர்மேன் கரி அள்ளிப் போட்டது. அவர் இங்கே எஞ்சின் அறைக்குள் பசை வைத்து ஒட்டப்பட்டிருக்கிறார், மண்வாரி பாதி உயரத்தில் நிற்கிறது.

என் கோபத்தின் வேர் இங்கேதான். இந்தப் பலகைகளில் மனிதர்கள் அலங்காரம். நிலையத்தில் ஒரு பெண்மணி குடையோடு நிற்பாள், ஒரு கிழவர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார், ரயில் எத்தனை முறை வந்து போனாலும் ஏற மாட்டார்கள். பாதையைப் பார்த்தால் ஜல்லி ஒரே சீராகக் கிடக்கிறது, சிலிப்பர் கட்டைகள் ஒன்றுகூட அசையவில்லை. அதைச் சீராக வைத்தது யார்? தினமும் பாதை நெடுக நடந்து, ஆப்பைத் தட்டி, ஜல்லியைக் குத்திக் கெட்டித்த கேங் ஆட்கள் எங்கே? இங்கிலாந்தில் அவர்கள் கிராமத்து ஏழைகள். மலாயாவில் நம்மவர்கள். இந்த நாட்டில் ரயில் பாதை போட்டதிலும் பராமரித்ததிலும் தென்னிந்தியத் தொழிலாளர் கை இருந்தது. நிலையத்து நாற்காலியிலும் கணக்கு மேசையிலும் யாழ்ப்பாணத்தார் பலர் உட்கார்ந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம், பர்மா மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. ரயில் என்றால் உழைப்பு என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை. அந்த வழியில் வந்த ஒருவர், உழைப்பைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த ஒரு ரயிலைக் கட்டி, இதுதான் வரலாறு என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரிட்டிஷ் ரயில் முறை அவருக்குத் தூர தேசத்து விஷயமும் அல்ல. 1903-இல் கிராஞ்சிக்குப் போன முதல் பாதை டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியது, நம் தெண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலை. 1932-இல் பாதை மாறித் தஞ்சோங் பகார் நிலையம் வந்தது, புக்கிட் தீமாவில் புது நிலையம் எழுந்தது. பிரிட்டனின் கிளைப்பாதைகளில் டோக்கன் பெரும்பாலும் பாதைகளோடு சேர்ந்து ஒழிந்த பிறகும், இங்கே நீராவி போய் டீசல் வந்த பிறகும், புக்கிட் தீமாவில் டோக்கன் இருந்தது. சிறிய செங்கல் நிலையம், உள்ளே லீவர்கள். ரயில் வேகத்தைக் குறைத்து வரும். நிலைய ஊழியர் வெளியே வந்து நிற்பார். வளையத்தில் கட்டிய தோல் பைக்குள் டோக்கன். எஞ்சினிலிருந்து நீளும் கை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொண்டு போகும். எம்ஆர்டி ஓடும் நகரத்தில், பொங்கோல் எல்ஆர்டி டிரைவர் இல்லாமல் ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் இது நடந்தது. 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் ஓட்டிய கடைசி ரயில் தஞ்சோங் பகாரை விட்டுப் போனதோடு இதுவும் முடிந்தது. டெவனின் ஆஷ்பர்ட்டன் கிளைப்பாதையில் பயணிகள் ரயில் 1958-இல் நின்றுபோனது. அதைப் படங்களில் பார்த்துப் பலகையில் கட்டுகிறார்கள். அதே காலத்தின் ரயில் வேலை தம் ஊரில் இன்னும் 53 ஆண்டுகள் உயிரோடு நடந்ததைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

பெட்டியில் தயாராகக் கிடைப்பது ஹார்ன்பி, பேக்மேன் கம்பெனிகளின் எஞ்சின்கள்தான், மலாயாவின் மீட்டர் பாதை எஞ்சினை யார் விற்கிறார்கள் என்பது கடைசி வாதம். அது உண்மை. தஞ்சோங் பகார் வந்த நீராவி எஞ்சின்களில் பலவற்றை கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனிதான் செய்தது என்றாலும், எந்தக் கடையிலும் அவை அடுக்கி இருப்பதில்லை. ஆனால் கடையில் இருப்பதை மட்டும் காப்பாற்றுவது வரலாற்று வேலை என்றால் கடைக்காரர்தான் வரலாற்றாசிரியர். 1:87 அளவில் மீட்டர் பாதைக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. எஞ்சினைக் கையால் செய்ய வேண்டியிருக்கும், ஆணித்தலையை ஒவ்வொன்றாக வைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய காரியமல்ல. புக்கிட் தீமாவைக் கட்ட எட்டு ஒன்பது அடிப் பலகை போதும்: ஒரு நேர்ப்பாதை, ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒரு பக்கப்பாதை, ஒரு சிறு கட்டடம். நிலையமும் இரும்புப் பாலமும் இன்றும் இருக்கின்றன. டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம். பலகையின் ஒரு முனைக்கு அப்பால் உட்லண்ட்ஸ், மறு முனைக்கு அப்பால் தஞ்சோங் பகார், முனைக்கு ஒரு மணி. இரண்டு டோக்கன் செய்துகொண்டு, கையில் டோக்கன் இல்லாமல் குமிழைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்ட இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் அனுமதி கொடுக்க வேண்டும், கடைசிப் பெட்டியின் விளக்கைப் பார்த்த பிறகே அடுத்த ரயிலுக்கு வழிவிட வேண்டும்.